துணி திருப்பும் இடம்

மொன்றியல்
05.11.2007

அன்பு மகள் வித்தியாவுக்கு,

கார்ட்டியர்வில் வீட்டுக் குசினி மேசையிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் விதுர்சனும் முருகன் புண்ணியத்தில் சுகமாய் இருக்கிறோம், கடல் தாண்டி கோல்வேயில் நீயும் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை கோவிலில் உன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தோம். ஐயர் நீ இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நினைத்திருக்கிறார், அவள் அயர்லாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறாள், சொந்தமாய் இசைத்தட்டும் போடப் போகிறாள் என்றேன், நல்லது நல்லது என்று விபூதியை இரண்டு மடங்காய் அள்ளித் தந்தார். அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, குளிர் தொடங்கியதும் கூடுகிறது, ஆனால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கச் சொன்னால் இருக்கமாட்டாள். விதுர்சனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை நிரந்தரமாகிவிட்டது, வீட்டுக்கு வந்தால் ரெலிபோனில் பிரெஞ்சுதான், யாரோ ஒரு பெண்பிள்ளை என்று அம்மாவுக்குச் சந்தேகம், எனக்குச் சந்தேகமே இல்லை. நேற்று எல்லா மணிக்கூடுகளையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினோம், அடுப்பில் இருக்கிற மணிக்கூடு மட்டும் பழைய நேரத்திலேயே ஓடுகிறது, அதை எப்படித் திருப்புவது என்று இந்த வீட்டில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

ரெலிபோன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதமும் பேனையும் எடுத்தார் என்று நினைப்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் சொல்லப் பார்த்தேன் பிள்ளை. மூன்று முறையும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு அங்கே மழையா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குத் திடீரென்று கோல்வே மழைமேல் என்ன அக்கறை என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். விஷயம் மழை இல்லை. இந்த மாதம் 24ஆம் திகதி சனிக்கிழமை, எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி, உனக்கு ஒன்பது மணி, நீ பதினாறு வயதில் போகத் தொடங்கிய அந்தப் புவாண்ட்-கிளேர் வானொலியில் உனக்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறார்கள், நீ கொம்பியூட்டரில் கேட்பாய், அதில் என் குரலும் வரும். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கவேண்டும். இசைத்தட்டின் உறைத்தாள் மாத முடிவில் அச்சுக்குப் போகிறது என்றும் சொன்னாய், முதல் மெட்டுக்குக் கீழே அப்பாவிடமிருந்து எடுத்தது என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய். அந்தப் பெயரை எடுத்துவிடு. அந்த மெட்டு என்னுடையது இல்லை. எட்டு வருடமாய் உனக்குப் பொய் சொல்லியிருக்கிறேன்.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தை எழுதலாம். நீ அந்த வானொலிக்குள் போன கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் எனக்குப் புவாண்ட்-கிளேரில் களஞ்சிய வேலை, அம்மாவுக்கும் வேலை, உன்னைத் தனியே வீட்டில் விடப் பயந்து அங்கே நூலகத்தில் இறக்கிவிட்டுப் போவேன், வயலினையும் கொண்டுதான் வருவாய், திரும்பும் வழியில் உனக்கு வயலின் வகுப்பு. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் நூலகத்தில் நீ இல்லை, பக்கத்துத் தேவாலயத்தின் பேஸ்மென்டில் நிற்கிறாய், சுற்றிவர நரைத்த தலைகள், ஒரு அம்மா கம்பளி பின்னுகிறா, ஒருவர் தேத்தண்ணீர் ஊற்றுகிறார். சரி, பிள்ளையை மதம் மாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் சுவரெல்லாம் பழைய கம்பளம் அடித்து நடுவில் மைக் வைத்திருக்கிறார்கள், அது வானொலி நிலையமாம், அயர்லாந்தும் ஸ்கொட்லாந்தும் சேர்ந்த பழைய பாட்டும் மெட்டும் மட்டும்தான் போடுவார்களாம், எல்லாரும் விருப்பத்துக்கு வந்து வேலை செய்கிறவர்களாம். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, நுனியைக் காலில் ஊன்றி வாசிக்கப் பழக்கிய வயலினை நீ நின்றுகொண்டு நாடிக்குக் கீழே வைத்திருந்தாய். காரில் வரும் வழியெல்லாம் ஏசினேன், ஞாபகம் இருக்கும். நீ கண்ணாடியில் விரலால் கீறிக்கொண்டு வந்தாய். அடுத்த சனிக்கிழமை நான் நூலகத்தில்தான் இறக்கினேன், நீ எங்கே போவாய் என்று தெரிந்துகொண்டே.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது, அதுதான் இவ்வளவுக்கும் காரணம். யார் வாசிக்க வந்தாலும் வாசிக்குமுன் இந்த மெட்டை இன்னாரிடம் எடுத்தேன் என்று மைக்கில் சொல்லவேண்டும். பெரிய வித்துவான் பெயராக இருக்கவேண்டியதில்லை, மீன் வெட்டுகிற பெண்ணின் பெயரைச் சொல்வார்கள், ரயிலில் பக்கத்தில் இருந்தவரைச் சொல்வார்கள், பெயர் தெரியாவிட்டால் இன்ன ஊர்ச் சந்தைக்கு வெளியே நீலத் தொப்பியோடு நின்றவர் என்பார்கள். சொல்லாமல் வாசித்தால் நிகழ்ச்சி நடத்துகிற மொய்ரா அம்மா வயலின் வில்லைக் கையால் பிடித்து நிறுத்துவா. தொண்ணூற்றொன்பது தை மாதம், கொட்டுகிற பனியில் உன்னைக் கூட்டிப்போக வந்தவன், கையில் பூட்சோடு கதவடியில் நின்றேன். நீ மைக்கில் நின்று, இது என் அப்பா கார் ஓட்டும்போது முணுமுணுக்கும் மெட்டு, அவரிடம் எடுத்தேன் என்று சொல்லிவிட்டு வாசித்தாய். நான் கேட்டிராத வேகத்தில், கேட்டிராத துள்ளலோடு, ஆனால் அதே மெட்டுத்தான். முடிந்ததும் மொய்ரா என்னைக் கண்டுகொண்டு கையசைத்துக் கூப்பிட்டு மைக்கை என் பக்கம் திருப்பி, நீங்கள் இதை யாரிடம் எடுத்தீர்கள் என்று கேட்டா. நேரடி ஒலிபரப்பு. ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. நான் அதைச் சொல்லவில்லை. ஒருவரிடமும் இல்லை, இது என்னுடையது என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுவரை நீ என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்காகத்தான் பிறகும் திருத்தாமல் விட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. மிச்சப் பாதிக்கு இன்னும் கொஞ்சம் எழுதவேண்டும்.

அவர்கள் அந்த மெட்டுக்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். அருமைராசா என்று முழுதாய் வாய்க்குள் வராமல் அருவின் ஜிக் என்று சுருக்கினார்கள். ஆறு அடியில் துள்ளுகிற மெட்டைத்தான் ஜிக் என்பார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். பிறகு ஒரு சனிக்கிழமை களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது, ஒட்டாவாவிலிருந்து வந்த யாரோ ஒருவர் உங்கள் வானொலியில் அதை வாசிப்பதைக் கேட்டேன், வித்தியாவிடம் எடுத்தேன், அவள் அவளுடைய அப்பாவிடம் எடுத்தாள் என்று சொன்னார். கூட வேலை செய்தவர்களுக்கு அது நான்தான் என்று காட்டினேன். பெருமையில் அன்று மதியச் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் ரோல்ஸ். இப்போது அதை நினைக்கக் கூசுகிறது.

உனக்கு ஒரு மாமி இருந்தா. என் கூடப்பிறந்த அக்கா, ஐந்து வயது மூத்தவ, பெயர் நல்லம்மா. இந்த வீட்டில் நான் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, அம்மாவையும் சொல்ல விட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் முன்னறையில் தையல் மெஷின் வைத்து ரவிக்கையும் பள்ளிக்கூடச் சட்டையும் தைப்பா. மிதிக்கத் தொடங்கினால் வாய் சும்மா இராது, சொல்லில்லாமல் தன்னன்னா தன்னன்னா என்று ஒன்று கால் போகிற வேகத்துக்கு ஓடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எங்கும் கேட்டதுமில்லை, அது அவவுடைய காலிலிருந்து வந்தது. நான் பக்கத்து மேசையில் கணக்குச் செய்துகொண்டிருப்பேன், மெஷின் நின்றால் எனக்குக் கணக்கு ஓடாது. தமிழ் மெட்டு எப்படி ஒரு ஜிக்குக்குள் இவ்வளவு லேசாய் அடங்கியது என்று மொய்ரா உன்னிடம் வியந்தாவே, அதற்குக் காரணம் அந்த மிதிபலகைதான்.

எழுபத்தோராம் ஆண்டு அக்கா மெஷின் திருத்த வந்த கிருபானந்தன் என்பவரைக் கலியாணம் செய்தா. ஒளித்து ஓடவில்லை, எங்கள் அப்பாவுக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினா. அவர் எங்களுடைய ஆக்கள் இல்லை. நான் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், சாதி. வேறு ஒரு குறையும் அந்த மனிதனிடம் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அக்கா போனதும் செத்தவீடு நடந்த மாதிரி வாசலைக் கழுவச் சொன்னார் அப்பா. வாளியில் தண்ணீர் அள்ளி வந்து கழுவியது நான். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது, தெரியாத வயது இல்லை. பிறகு எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராய்க் காலமானார்கள், நான் இங்கே வந்தேன், இங்கே யார் துடைத்த தரையில் யார் நடக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது, பெட்டி தூக்குகிற இடத்தில் என்னை எவரும் விசாரித்ததில்லை, அப்படியிருந்தும் நான் பிடித்த பிடியை விடவில்லை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்கச் சண்டையால் இடம்பெயர்ந்தபோது அக்காவும் அவரும் வெளியேறி வவுனியாவில் போய் இருந்தார்கள், அங்கிருந்து அக்கா எனக்கு ஒரு கடிதம் போட்டா. ஒரு உதவியும் கேட்கவில்லை. பிள்ளைகள் எப்படி இருக்கினம், ஒரு படம் அனுப்பு தம்பி, அவ்வளவுதான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பதில் போடவில்லை. பெயர் நாக்கு நுனிவரை வந்தும் அன்று மைக்கில் சொல்லாததன் மிச்சப் பாதி இதுதான். சொன்னால் யார் அந்த நல்லம்மா, எங்கே இருக்கிறா என்று நீ கேட்பாய், அதற்கு நான் வாசல் கழுவிய கதையைச் சொல்லவேண்டி வரும்.

இரண்டாயிரத்து ஐந்து மார்கழியில் நீ விடுமுறைக்கு வந்து நின்றாய். காலையில் குசினியில் தமிழ் வானொலிப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது, மரண அறிவித்தல் நேரம். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் வவுனியாவை வதிவிடமாகவும் கொண்டிருந்த திருமதி நல்லம்மா கிருபானந்தன் காலமானார் என்றது. நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றேன். அன்னார் இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், கனடாவிலுள்ள அருமைராசாவின் அன்புச் சகோதரியும் என்று போனது. நீ இடியப்பத் தட்டோடு திரும்பி, அப்பா, உங்கட பேரெல்லோ சொல்லுகினம் என்றாய். அது வேற அருமைராசா என்று சொல்லிக்கொண்டே பெட்டியை நிற்பாட்டி மற்ற வானொலியைப் போட்டேன், உன் ஆட்கள் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள், கேள், உன்ர ஆக்கள் என்றேன். நீ நம்பினாய், ஏன் நம்பமாட்டாய். அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள், திரும்பவேயில்லை. அக்கா செத்த செய்திக்கு நான் செய்தது அவ்வளவுதான். முழுகவும் இல்லை, ஒரு விளக்குக்கூட வைக்கவில்லை.

இந்தப் புரட்டாதியில் நீ ரெலிபோனில், உறையில் போட முழு விபரம் வேணும் அப்பா, உங்களுக்கு அது எங்கேயிருந்து வந்தது, யாராவது பாடிக் கேட்டனீங்களோ என்று கேட்டாய். எனக்குத் தானாய் வந்தது பிள்ளை என்றேன். வைத்தபிறகு நான் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன், அதுவும் பொய். பிறகு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து காரில் வரும்போது வழக்கம்போல உங்கள் வானொலியைக் கேட்டுக்கொண்டு வந்தேன். நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஒரு மனிதர் வாசிக்க வந்திருந்தார், குரலைக் கேட்டால் என் வயதிருக்கும். மொய்ரா யாரிடம் எடுத்தீர்கள் என்று கேட்டா. என் தம்பியிடம், முப்பது வருடமாய் நான் அவனோடு கதைப்பதில்லை, இனிக் கதைக்கப் போவதுமில்லை, ஆனால் மெட்டு அவனுடையது என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வாசிக்கத் தொடங்கிவிட்டார். நான் காரைப் பெரிய கடை ஒன்றின் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு இருந்தேன். கோபம் தீராத மனிதன்கூடக் கள்ளம் செய்யவில்லை. எனக்கு அக்காமேல் ஒரு கோபமும் இருந்ததில்லை, மற்றவர்கள் கோபித்துக்கொள்ளச் சொன்னார்கள், நான் கோபித்துக்கொண்டேன், பிறகு அதை விடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், வித்தியாவுக்கு உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழேயிருந்து ஒரு சின்னக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இதில அண்ணையின்ர நம்பர் கிடக்கு, முதல்ல அவரோட கதையுங்கோ என்றாள். எந்த அண்ணை என்று கேட்டேன், கிருபானந்தன் அண்ணை என்றாள். நீ சிரிப்பாய், உன் அம்மா தொண்ணூற்றைந்திலிருந்து என் அக்காவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், கொழும்பில் இருக்கிற தன் தங்கச்சியின் விலாசத்துக்குப் போட்டு அங்கேயிருந்து வவுனியாவுக்கு. நான் போடாத பதிலை அவள் போட்டிருக்கிறாள், உங்கள் இரண்டு பேரின் படமும் வருடா வருடம் போயிருக்கிறது. என்னை ஏமாத்தினனியோ என்று கேட்க வாய் வந்தது, அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று மூடிக்கொண்டேன். கோவம் உங்களுக்குத்தானே, எனக்கு மச்சாளில என்ன கோவம் என்று மட்டும் அம்மா சொன்னாள்.

கிருபானந்தன் எடுத்தார். முப்பத்தாறு வருடமாய் ஒரு வார்த்தை பேசாத மனிதர், அத்தான் என்று என் வாயில் தானாய் வந்துவிட்டது. ஆர், ராசாவோ, சாப்பிட்டியளே என்று அவர் கேட்டார். மெட்டைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் இடையில் மறித்து, ஓம், அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், கசெற் கேட்டனாங்கள்தானே என்றார். அம்மா நீ வானொலியில் வாசித்ததையெல்லாம் கசெற்றில் பிடித்துவைப்பாளே, அந்தத் தை மாதத்துக் கசெற்றையும் படங்களோடு அனுப்பியிருக்கிறாள். அதில் நீ வாசித்தது மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் மொய்ரா கேட்டதும் இருக்கிறது, இது என்னுடையது என்று நான் சொன்னதும் இருக்கிறது. அக்காவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். நான் அவவுடைய மெட்டை அவவுடைய காதில் படவே என்னுடையது என்றிருக்கிறேன். அக்கா என்ன சொன்னவ என்று கேட்டேன். அவ சிரிச்சவ என்றார். தம்பி சின்னனிலயும் உப்பிடித்தான், என்ர பங்கையும் சேர்த்துத் திண்டுபோட்டுத் தன்ர எண்டுவான் எண்டு சொல்லிச் சிரிச்சவ என்றார். ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திராது. பிறகு வருத்தமாய்க் கிடந்தபோது அறிவித்தலைத் தானே சொல்லி எழுதுவித்தாவாம், தம்பியின்ர பேரை விட்டிடாதேங்கோ, பிள்ளையளின்ர பேரையும் போடுங்கோ என்று. விதுர்சன், வித்தியா ஆகியோரின் பாசமிகு மாமியும் என்று அன்று வானொலியில் சொன்னார்களாம். நான் அதற்குமுன் பெட்டியை நிற்பாட்டிவிட்டேன் பிள்ளை. உன்னுடைய பெயர் வர இன்னும் ஒரு வரிதான் இருந்திருக்கும். எனக்கு இடம் வைத்தே அவ போயிருக்கிறா, நான் அவவின் இடத்தை எடுத்துக்கொண்டு நின்றேன்.

முந்தநாள் சனிக்கிழமை பேச்சுப் பதிவுக்கு மொய்ரா வரச் சொல்லியிருந்தா. விதுர்சனைக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தட்டச்சடித்து எடுத்துப் போனேன், அம்மா நாற்பது ரோல்ஸ் கட்டித் தந்தாள். அந்தப் பேஸ்மென்ட் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது, மொய்ராவுக்கு இப்போது கை நடுங்குகிறது, ஆனால் வில்லைப் பிடித்து நிறுத்துகிற அதிகாரம் குறையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும், அரு, இந்த மெட்டை நீங்கள் யாரிடம் எடுத்தீர்கள் என்று கேட்டா. கடதாசியைப் பார்த்தேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. எங்களுக்கு வானொலியில் ஒருவரின் பெயரைச் சொல்ல ஒரே ஒரு முறைதானே தெரியும், அது வாயில் வந்துவிட்டது, தமிழில். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் வவுனியாவை வதிவிடமாகவும் கொண்டிருந்த திருமதி நல்லம்மா கிருபானந்தன் அவர்கள், அன்னார் கிருபானந்தனின் அன்பு மனைவியும், அருமைராசாவின் அருமை அக்காவும், விதுர்சன், வித்தியா ஆகியோரின் பாசமிகு மாமியும், இந்த மெட்டின் சொந்தக்காரியும் ஆவார். பழக்கதோஷத்தில் இந்த அறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்றும் சொல்லிவிட்டேன். ஒரு சொல்லும் விளங்காமல் கம்பளி பின்னுகிற அம்மா ஊசியை மடியில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினா. பிறகு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், நான் முன்னர் சொன்னது பொய் என்றும் சொன்னேன். மொய்ரா ஏசுவா என்று நினைத்தேன். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தரச் சொல்லி, நல்லம்மா, நல்லம்மா என்று சரியாய் வரும்வரை பழகி, மெட்டுகளின் விபரம் எழுதி வைக்கிற பழைய அட்டையில் என் பெயரை வெட்டி அதை எழுதினா. நான் தமிழில் சொன்னதையும் அப்படியே போடப் போகிறார்களாம், கேட்கவேண்டியவளுக்கு விளங்கும்தானே என்றா.

விளங்கும். விளங்கினபிறகு நீ என்ன நினைப்பாய் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தை மாதம் நீ என்னைப் பார்த்த பார்வையை நான் திருப்பித் தரவேண்டும், அது எனக்கு உரியதில்லை. கோபம் வந்தால் கோபி, ஆனால் என்னை மாதிரிப் பிடித்துவைத்துக்கொள்ளாதே, அதை விடுவது பிறகு கஷ்டம், நான் விட்டபோது கேட்க அக்கா இருக்கவில்லை. அத்தானின் நம்பரை வேறு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், அவரை மாமா என்று கூப்பிடு, காது கொஞ்சம் மந்தம், உரத்துக் கதை. அந்த ரெலிபோனுக்குள் நீ ஒரு தரம் வாசித்துக் காட்டினால் அவர் சந்தோஷப்படுவார். கசெற் தேய்ந்து அறுந்துவிட்டதாம்.

இன்னுமொரு விஷயம், இதை எழுதாமல் விட்டால் கடிதம் எழுதிப் பயனில்லை. அக்கா கசெற்றைக் கேட்டுவிட்டு, பிள்ளை வடிவா வாசிக்கிறாள், ஆனா துணி திருப்புற இடத்தில நிக்காமல் ஓடுறாள் என்று சொன்னாவாம். பிழை உன்னுடையது இல்லை, நான் காரில் முணுமுணுத்ததில் வந்த பிழை. இரண்டாம் பகுதியில் மெட்டு மேலே போய் இறங்குமுன், தையல் ஓரத்துக்கு வந்துவிடும், அக்கா மிதிப்பதை நிற்பாட்டி, துணியைத் திருப்பி வைத்து, பிறகுதான் மிதிப்பா. வாயும் காலோடு சேர்ந்து அந்த இடத்தில் நிற்கும். எனக்குத் தைக்கத் தெரியாது, நான் அந்த இடத்தை எதையோ போட்டு நிரப்பிக்கொண்டு ஓடினேன். அத்தான் ரெலிபோனில் மேசையில் தட்டிக் காட்டினார், நானும் இப்போது தட்டிப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அம்மா என்ன சத்தம் என்று கேட்கிறாள்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, சனிக்கிழமையாவது எண்ணெய் வைத்து முழுகு, ஒழுங்காய்ச் சோறு சமைத்துச் சாப்பிடு. அம்மா முறுக்கு வேறு பார்சலில் அனுப்புகிறாள், விதுர்சன் சுகம் கேட்கச் சொன்னான். முருகன் உன் கைக்கும் வில்லுக்கும் துணை நிற்கட்டும், எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும், நீ சீரும் சிறப்புமாய் வாழவேண்டும் என்று எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும். உறையில் பெயரை மாற்ற மறந்துவிடாதே. வாசிக்கும்போது துணி திருப்பும் இடத்தில் ஒரு அடி நில்.

இப்படிக்கு
உன் அப்பா
அருமைராசா
நல்லம்மாவின் தம்பி